கற்றவர் யார்? தோட்டத் தமிழர் அறிவு பெற்ற வரலாறு

படித்தவர், படியாதவர் என்று மக்களை இரண்டாகப் பிரித்துப் பேசுவது நம்மவரிடை வழக்கமாகிவிட்டது. பள்ளிச் சான்றிதழ் உடையவர் ஒரு பக்கம். அஃது இல்லாதவர் மற்றொரு பக்கம். முன்னவர் நாற்காலியில் அமர்வதும், பின்னவர் அவர்முன் கைகட்டி நிற்பதும் இயற்கையின் நியதிபோல் எண்ணப்படுகின்றன. இப்பிரிவு பொருந்துமா? கல்வி என்பது யாது? அறிவு எவ்வெவ் வழிகளால் மனிதனை வந்தடைகிறது? நூல்களை மட்டும் புரட்டி இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வது வீண். நம் மக்கள் வாழ்ந்த வாழ்க்கையின் வரலாற்றைக் கொண்டே இவற்றை ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சியில் என்னைப் புகுத்தியது ஒரு பழங்கடிதம்.

லூனாஸ் பட்டணத்தை அடுத்த தோட்டமொன்றில் நான் கிராணி வேலை பார்த்து வருகிறேன். ஆங்கில வழியில் பயின்றவன். தமிழை வீட்டில் பேசியும் பிற்காலத்தில் எழுத்துக் கூட்டியும் அறிந்தவன். ஒருநாள் மாலை, வயது எண்பதைக் கடந்த மூதாட்டியார் ஒருவர் தகரப் பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தார். 1958ஆம் ஆண்டில் அவருடைய பெரிய தகப்பனார் ஊரிலிருந்து எழுதியது. "எழுத்து மங்கிக்கிட்டே வருது, தம்பி. நீங்க படிச்சு வேற தாள்ல எழுதிக் குடுங்க" என்றார்.

நான் படிக்கத் தொடங்கினேன். மூன்றாம் வரியில், "மேலக் கொலையை முடித்துவிட்டோம்" என்று வாசித்தேன். மூதாட்டியார் சிரித்துவிட்டார். "கொலை இல்லை தம்பி, கொல்லை. மேலக் கொல்லையை முடிச்சுக் குடுத்துட்டாங்க, கடனுக்கு" என்றார். அதன்பின் அக்கடிதம் முழுவதையும் அவரே சொல்லிவிட்டார். பன்னிரண்டு வயதில் தந்தையின் அருகே அமர்ந்து, தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் படிக்கக் கேட்டதாம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு சொல் தவறவில்லை. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்காக இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் அவர். அன்று அந்த மேசையின் இரு புறத்தில் கற்றவர் எந்தப் புறம் இருந்தார், கல்லாதவர் எந்தப் புறம் இருந்தார் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். விடை சொல்ல நாணமாக இருந்தது.

சொற்கள் காட்டும் வழி

நம் முன்னோர் இவ்விஷயத்தை எவ்வாறு கருதினர் என்பதை அவர்தம் சொற்களே காட்டும். கற்றலைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் நெருங்கியது 'கல்லுதல்' என்பது. அதற்குத் தோண்டுதல் என்பது பொருள். தோண்டுகின்றவன் மேல்மண்ணைக் கண்டு மனநிறைவு கொள்ளான். 'கேள்வி' என்பதோ இரு பொருள் உடையது. செவியால் கேட்டு அறிதலும் கேள்வி. வாயால் வினாவுதலும் கேள்வி. கேட்டதை அப்படியே விழுங்குதல் அன்று, வினாவித் தெளிதலே கேள்வி என்பதை ஒரே சொல்லில் அடக்கிவிட்டது தமிழ்.

திருவள்ளுவர் அதிகாரங்களை அமைத்த முறையும் நோக்கத்தக்கது. கல்வி 40ஆம் அதிகாரம், கல்லாமை 41, கேள்வி 42, அறிவுடைமை 43. கல்லாமையைக் கூறிய உடனே அறிவுடைமைக்குச் செல்லாமல், இடையில் கேள்வியை வைத்தார். எழுத்துக் கல்வி கிட்டாதவனுக்கும் ஒரு வாயில் திறந்திருக்கிறது என்பதை அவ்வரிசை உணர்த்துவதாகவே நான் கொள்கிறேன். ஆயினும் கல்வியை விலக்கிக் கேள்வி ஒன்றே போதுமென்று அவர் விடவில்லை. கல்விக்கே முதலிடம் அளித்தார். இவ்விரண்டையும் நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

கல்லில் ஒரு செய்தி

நாம் வாழும் இந்நிலம் அறிவைப்பற்றி நெடுங்காலத்துக்கு முன்பே பேசிய நிலம். கடாரம் என்று சோழர் கல்வெட்டுக்கள் கூறும் நாடு இக்கெடாவே என்பது வரலாற்றாசிரியர் பலர் கொள்கை. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் படை இங்கு வந்ததைப் பலரும் பெருமையோடு சொல்வர். படை வந்ததை அறிந்த நாம், அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்து வந்ததை அறிந்தோமில்லை.

1834ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், இங்கிருந்து மேற்கே எல்லைக்கு அப்பாலுள்ள செபராங் பிறைப் பகுதியில் ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். அது கி.பி. 5ஆம் நூற்றாண்டினது என்று கணிக்கப்பட்டுள்ளது. புத்தகுப்தன் என்னும் பெருங்கப்பலோட்டி பொறிப்பித்த கல் அது. இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடலில் செல்வோன் நற்பயணம் வேண்டிய செய்தியோடு, அறியாமையே வினைக்கு வித்து, அறிவே அதனை ஒழிக்கும் என்னும் பௌத்தக் கருத்தும் அதில் காணப்படுகிறது. எழுத்து முறை தென்னிந்தியச் சார்புடையது; மொழி வடமொழி.

நேயர்களே! அறிவின் பெருமையை உரைத்த அக்கல் எத்தனையோ நூற்றாண்டுகள் மண்ணிலே கிடந்தது. படிப்பார் இல்லாமையால் அது பிற கற்களோடு கல்லாயிற்று. எழுத்தின் உயிர் எழுத்தில் இல்லை, படிப்பவனிடத்தில் இருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மூதாட்டியாரின் தகரப் பெட்டியில் கிடந்த கடிதமும் அத்தகையதே. அங்கே எழுத்து மங்கிற்று. அவர் நெஞ்சில் மட்டும் பொருள் வாழ்ந்தது.

திண்ணையின் புகழும் குறையும்

இனித் தாய்நாட்டுக்குச் செல்வோம். தமிழ்நாட்டில் கல்வி தொன்றுதொட்டுத் திண்ணையில் வளர்ந்தது. மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுதல், எண்சுவடியை உரக்கச் சொல்லி மனத்தில் பதித்தல், மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தல் ஆகியவை அம்முறையின் உறுப்புக்கள்.

இதனை இகழ்ந்து பேசுவோர் ஒரு செய்தியை அறிதல் நன்று. சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற சிறுவர்க்கான விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டார். அதனைத் தம் விடுதியில் புகுத்தி, மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வித்தார். 1797ஆம் ஆண்டில் அதனைப்பற்றி இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். சென்னை முறை என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள் பலவற்றில் பரவிற்று. நம் திண்ணையில் மணலில் எழுதிய விரல் ஆங்கிலேயனுக்கும் வழி காட்டியது.

ஆயினும் புகழை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது நேர்மையாகாது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் மாகாணமெங்கும் பள்ளிகளைக் கணக்கெடுக்கக் கட்டளையிட்டார். 1826ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட குறிப்பின்படி 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். மக்கள்தொகையோ 1,28,50,941. ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவர் பள்ளியில் இருந்தார் எனலாம். அக்காலத்தை நோக்க இஃது இழிவான கணக்கன்று. வீட்டிலேயே பயின்ற பிள்ளைகளும் பலர் என்று மன்றோவே கூறியுள்ளார். தமிழ் மாவட்டங்களில் உழவர், கைவினைஞர் குடிப்பிள்ளைகளும் மிகுதியாகப் பயின்றனர். ஆனால் பெண்கள் எத்துணையர்? விரல்விட்டு எண்ணத்தக்கவரே. சேரிச் சிறுவர்க்குத் திண்ணையில் இடம் ஏது? திண்ணை ஒருவனுடைய வீட்டின் உறுப்பு. வீதிக்குள்ளேயே வரலாகாது என்று விலக்கப்பட்டவன் திண்ணையில் ஏறுவது எங்ஙனம்? ஏறாதவன் மணலில் எழுதுவது எங்ஙனம்?

இங்கே ஒரு கொடுமையை உணர்தல் வேண்டும். அறிவில்லாதவன் என்று ஒருவனை முதலில் பள்ளியிலிருந்து விலக்கினர். பின்னர், பள்ளிக்குச் செல்லாமையால் இவன் அறிவில்லாதவன் என்று பழித்தனர். காரணத்தையும் காரியத்தையும் இவ்வாறு வளையமாக்கிவிட்டால் அதனை உடைப்பவன் யார்?

கப்பலில் வந்தவர்கள்

அவ்வளையத்துக்குள் அகப்பட்ட மக்களே பெருந்தொகையினராய்க் கப்பலேறி மலாயாவுக்கு வந்தனர். கரும்புக்கும் காப்பிக்கும் வந்தவர் முன்னோர். ரப்பருக்கு வந்தவர் பின்னோர். ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் தடையால் முடிவுற்றது. இடைப்பட்ட காலத்தில் காடாக இருந்த கெடாவின் தென்பகுதி ரப்பர்த் தோப்பாயிற்று. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சயாமின் மேலாண்மையினின்றும் நீங்கி ஆங்கிலேயர் மேற்பார்வைக்குள் வந்த மாநிலம் இது. கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங் ஆகிய ஊர்களைச் சுற்றித் தமிழரின் லயங்கள் எழுந்தன.

இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை 1816ஆம் ஆண்டில் காண்கிறோம். பினாங்கில் ஹட்சிங்ஸ் பாதிரியார் நிறுவிய பினாங்கு பிரீ ஸ்கூலில் அவ்வாண்டு தமிழ் வகுப்பொன்று தொடங்கியது. அது நீடிக்கவில்லை. ஆயினும் அதனையே முதலாகக் கொண்டு 2016ஆம் ஆண்டில் மலேசியத் தமிழர் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினர். தோட்டங்களில் பள்ளிகள் பெருகியது இருபதாம் நூற்றாண்டில்தான். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் ஒரு தோட்டத்தில் இருப்பின் தோட்ட முதலாளி பள்ளி வைத்தல் வேண்டும் என்று விதித்தது. கெடா அக்கூட்டில் சேராத மாநிலமாயினும் இங்கும் தோட்டந்தோறும் பள்ளிகள் தோன்றின.

அப்பள்ளிகளின் நிலை யாது? பல இடங்களில் ஆயாக்கொட்டகையின் ஒரு மூலையே பள்ளி. எழுத்தறிந்த தொழிலாளியோ, கங்காணியோ, கிராணியோ ஆசிரியர். காலையில் பெற்றோருடன் ஒட்டுப்பால் பொறுக்கவும் களை பிடுங்கவும் சென்ற சிறுவர், வெயில் ஏறியபின் பள்ளிக்கு வந்தனர். பாடநூல்கள் சென்னையிலிருந்து வந்தன. ஆதலின் பிள்ளைகள் காவிரியைப் படித்தனர். பக்கத்தில் ஓடும் மூடா ஆற்றைப்பற்றிப் படிக்கவில்லை. நாள்தோறும் வானத்தை மறைத்து நிற்கும் ஜெராய் மலையைப்பற்றியும், அதனடியில் புதைந்து கிடந்த பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில்களைப்பற்றியும் ஒரு வரியும் அவர்கள் நூலில் இல்லை. ஆசிரியர் இல்லாதது, நூல் இல்லாதது ஆகிய குறைகளைவிட இக்குறை பெரிது என்பேன். தன்னைச் சூழ்ந்த உலகை விளக்காத எழுத்தைப் பிள்ளை சுமக்கத்தான் முடியும். கொண்டு நடக்க முடியாது. ஏட்டுச் சுரைக்காய் என்னும் பழமொழி பொய்யன்று.

இத்தனைக்கும் இடையில் அவ்வாசிரியர்கள் செய்த பணியை மறத்தல் நன்றி கொல்லுதலாகும். சேரிப் பிள்ளையும் குடியானவப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்தது பல தோட்டங்களில் அந்தக் கொட்டகையில்தான். திண்ணையில் மறுக்கப்பட்ட எழுத்து, கடல் கடந்து வந்து, ஆயாக்கொட்டகையின் மூலையில் கிடைத்தது.

கத்தி கற்பித்த கல்வி

எழுத்து இவ்வாறு மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்க, மற்றொரு கல்வி தோட்டத்தில் விரைந்து வளர்ந்தது. அதற்குப் பள்ளியும் இல்லை, சான்றிதழும் இல்லை. அதுவே பால்மரம் வெட்டும் தொழில்.

பிரேசில் நாட்டு ரப்பர் விதைகளை விக்காம் என்பவர் 1876ஆம் ஆண்டில் இலண்டனுக்குக் கொண்டு சென்றார். 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அமேசான் காட்டில் மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர், மரம் புண்பட்டது. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைமையேற்ற ரிட்லி, பட்டையை மெல்லிதாகச் சீவி எடுத்தால் மரத்துக்குக் கேடின்றி மீண்டும் மீண்டும் பால் பெறலாம் என்று ஆய்ந்து கண்டார். அது பேரறிவு, ஐயமில்லை. ஆனால் அவ்வறிவு ரிட்லியின் ஏட்டிலிருந்து கோடிக்கணக்கான மரங்களுக்குச் சென்றது யார் கைவழியே? எழுத்தறியாத நம் பாட்டன்மார் பாட்டிமார் கைவழியே அன்றோ?

அத்தொழிலின் நுட்பத்தைச் சிறிது நோக்குக. பாற்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், மரத்துக்கு அண்மையில் உள்ளன. அவை நேராக நில்லாமல் சற்றே சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. ஆதலின் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் வெட்டினால் மிகுதியான குழாய்கள் திறக்கும். சீவும் பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. சற்று மேலோடினால் பால் குறையும். சற்று ஆழமானால் கத்தி மரத்தில் பட்டுக் காயமாகும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். விடியுமுன் மரத்தினுள் நீரின் அழுத்தம் மிக்கிருத்தலின் அப்பொழுதே பால் நன்கு பாயும். வெயில் ஏற ஏற அது தளரும்.

இக்காரணங்களை 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் போன்ற நிலையங்கள் அளந்து எழுதின. பால் வெட்டுவோரோ, மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில், நாளொன்றுக்கு ஐந்நூறு மரம் அளவில் வெட்டி அவற்றை அறிந்திருந்தனர். தாய் வெட்டுவதை மகள் அருகில் நின்று பார்த்தாள். பின்னர்த் தாயின் கைமேல் கை வைத்து வெட்டினாள். பின்னர்த் தனியே வெட்டினாள். கண் பார்த்தால் கை செய்யும் என்பது இதுதான். கத்தி மரத்தை நெருங்கும்பொழுது எழும் ஒலியின் வேறுபாட்டைக் கொண்டே 'போதும்' என்று நிறுத்திய முதியோரை நானே கண்டிருக்கிறேன். இதனை அறிவு என்று கூறாமல் வேறென்ன பெயரிட்டு அழைப்பது? இதனை 'உடலுழைப்பு' என்று ஒதுக்கிவிட்டு, அந்த மரங்களின் எண்ணிக்கையைப் புத்தகத்தில் எழுதிய என் போன்றோரின் வேலையை மட்டும் 'படித்த வேலை' என்றது பெரும் பிழை.

செவி திறந்த காலம்

மூன்றாவது வாயில் செவி. 1924ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தமிழ் நேசன் தோன்றியது. 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியார் தமிழ் முரசைத் தொடங்கினார். முன்னது 2019ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. பின்னது இன்றும் வெளிவருகிறது. தோட்டங்களில் இப்பத்திரிகைகளை வாங்கியோர் சிலர், கேட்டோர் பலர். ஒருவர் உரக்கப் படிக்க, கடைத்திண்ணையிலும் லயத்து வாசலிலும் சூழ்ந்திருந்தோர் கேட்டனர். கேட்டதோடு நில்லாமல் வினாவினர், எதிர்த்துப் பேசினர். ஒரு பிரதி ஒரு லயத்துக்கே போதுமாயிருந்தது.

1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி பினாங்கில் இறங்கி மலாயாவில் சுற்றுப்பயணம் செய்தார். பிறப்பால் தாழ்வில்லை, பெண்ணுக்கும் அறிவுண்டு, எதனையும் ஏன் என்று கேள் என்னும் சொற்களைத் தோட்டத்து மக்கள் செவியாரக் கேட்டனர். எழுத்தறியாதவனுக்கும் 'ஏன்' என்னும் சொல் புரியும். அச்சொல்லே கேள்வியின் வித்து.

அவ்வித்து முளைத்ததைப் போருக்குப்பின் இக்கெடாவிலேயே கண்டோம். ஜப்பானியர் காலத்தில் நம்மவர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில்பாதையில் மாண்டனர். மற்றொரு புறம், 1943ஆம் ஆண்டில் சுபாஸ் சந்திர போஸ் திரட்டிய இந்திய தேசிய இராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்து இளைஞரும் பெண்களும் சேர்ந்தனர். அணிவகுக்கவும் மேடையில் பேசவும் துரையை நிமிர்ந்து நோக்கவும் அவர்கள் அங்கே பயின்றனர். போர் முடிந்து லயத்துக்குத் திரும்பியவர் பழைய மனிதராகத் திரும்பவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை எழுந்தது. ஏ. எம். சாமி அதன் தலைவராக விளங்கினார். கூலியில் பாதியைக் குடித்துக்கொண்டிருந்த கள்ளுக்கடையை மறியல் செய்தது அப்படை. 1947இல் காவற்படையுடன் மோதல் நேர்ந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. அரசாங்கம் அவ்வியக்கத்தை அடக்கிவிட்டது. ஆனால், தன் கூலி எங்கே போகிறது என்று ஒருவன் கணக்குப் பார்க்கத் தொடங்கியபின் அவனை மீண்டும் அறியாமைக்குள் தள்ள எந்தச் சட்டத்தால் இயலும்?

பள்ளி மாறியது, ஊர் மாறியது

1951ஆம் ஆண்டில் வெளியான பார்ன்ஸ் அறிக்கை, தனித்தனி மொழிப் பள்ளிகளுக்கு மாற்றாக மலாயும் ஆங்கிலமும் பயிற்றும் தேசியப் பள்ளிகளை வேண்டியது. தமிழர் கவலையுற்று எதிர்த்தனர். 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை தொடக்கப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்விக்கு இடமளித்தது. நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சில்லறையே உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், மக்கள் பட்டணம் புகுந்ததும் இதற்குரிய காரணங்களுள் தலையானவை. தோட்டத் துண்டாடலைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தனார் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தொழிலாளரையே தோட்டத்தின் பங்காளிகளாக்கினார். அஃது ஒரு பெரும் பாடம். எனினும் எல்லாத் தோட்டங்களையும் காக்க அதனால் இயலவில்லை.

லூனாசுக்கு அருகே கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பால்வாளி சுமந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே மின்னணுத் துண்டுகளைச் சோதிக்கின்றனர். மயிரிழையினும் நுண்ணிய அளவுகளைப் பார்க்கும் கண்ணும் கையும் அவர்களுக்குப் புதியனவல்ல. பாட்டி ஒன்றரை மில்லிமீட்டரில் நின்றாள். பேத்தி அதனினும் நுண்ணியதில் நிற்கிறாள். இடையில் வந்து சேர்ந்தது எழுத்தும் எண்ணும்.

என் கணக்கில் ஒரு பிழை

இவற்றையெல்லாம் எழுதத் துணிந்த நான் என் பிழையொன்றையும் கூறிவிடல் கடமை. பாலில் நீரும் உண்டு, ரப்பரும் உண்டு. மெட்ரோலாக் என்னும் மிதப்புக் கருவியால் ரப்பரின் விழுக்காட்டைக் கண்டு, உலர்ந்த எடையைக் கணக்கிட்டு, அதற்கேற்பக் கூடுதல் கூலி கொடுப்பது வழக்கம். மழைக்காலம் ஒன்றில், அன்றன்றைய விழுக்காட்டைப் பாராமல் முன்னாள் குறித்ததையே சில நாள் தொடர்ந்து எழுதிவிட்டேன். சோம்பலன்றி வேறு காரணம் இல்லை.

பால் வெட்டும் அம்மையார் ஒருவர், தம் மகளை அழைத்துக்கொண்டு அலுவலகம் வந்தார். இரண்டாம் படிவத்தில் படிக்கும் சிறுமி. பள்ளிக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் பதினொரு நாட்களின் கணக்கை எழுதி வைத்திருந்தாள். "ஐயா, அன்றைக்கு அம்மாவின் பால் 24 கிலோ. ஸ்டோரில் பார்த்தது 32 விழுக்காடு. 7.68 கிலோ வர வேண்டும். நீங்கள் 28 போட்டு 6.72 என்று எழுதியிருக்கிறீர்கள்" என்றாள். ஏட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதே சரி. ஒரு நாளில் 0.96 கிலோ குறைவு. தலை குனிந்து திருத்தினேன். மற்றையோர் கணக்கையும் பார்த்துக் குறைந்ததைக் கொடுக்கச் செய்தேன்.

அப்பொழுது அத்தாயார், "பால் கெட்டியா இருந்துச்சுங்க. கையிலயே தெரிஞ்சுது. ஆனா சொன்னா யாரு நம்புவா?" என்றார். அச்சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது. அவர் கை உண்மையை அறிந்திருந்தது. ஆனால் ஏட்டின்முன் நின்று பேச அக்கைக்கு மொழி இல்லை. எண்ணும் எழுத்தும் கற்ற மகள் வந்து அக்கைக்கு வாய் கொடுத்தாள். தாயின் கை இல்லையேல் மகளுக்கு ஐயமே தோன்றியிராது. மகளின் எழுத்து இல்லையேல் தாயின் ஐயம் மெய்ப்பட்டிராது. ஏட்டைக் கையில் வைத்திருந்த நானோ இரண்டும் இன்றி இருந்தேன்.

கல்வி என்பது யாது என்று தொடக்கத்தில் வினவினோம். கண்டும் செய்தும் பெறுவது ஒரு பகுதி. கேட்டும் வினாவியும் பெறுவது ஒரு பகுதி. எழுத்தால் பெறுவது ஒரு பகுதி. முதலிரண்டையும் நம் முன்னோர் எவரும் கொடாமலே பெற்றனர். மூன்றாவது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. மறுத்தவர்கள் அதுவே முழுக்கல்வி என்று முரசறைந்தனர். இன்று மூன்றும் நம் பிள்ளைகளுக்குக் கிட்டும் காலம். ஆனால் பட்டணத்துப் பிள்ளை எழுத்தை மட்டும் பற்றிக்கொண்டு, பாட்டியின் கையையும் கேள்வியையும் இகழுமாயின், இழப்பு பாட்டிக்கன்று.

இன்னும் ஒன்று. நம் பாட்டன்மார் நின்ற நிரையில் இன்று பல தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நிற்கின்றனர். என் ஏட்டின் எழுத்து அவர்களுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் நம்மை மயக்கிய ஏடு இப்பொழுது அவர்களை மயக்குகிறது. ஆதலின் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் ஏடு பிடித்திருக்கும் அன்பர்களை வேண்டிக்கொள்வேன்: கணக்கைத் திறந்து காட்டுங்கள், எப்படி வந்தது என்று சொல்லிக் கொடுங்கள். பெற்றோரை வேண்டிக்கொள்வேன்: பெட்டியில் உள்ள கடிதங்களை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், தவறு செய்தால் திருத்துங்கள்.

அந்த மூதாட்டியாரின் கடிதத்தைப் புதிய தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதியது என் கை. சொல்லச் சொல்ல எழுத்துப்பிழை திருத்தியவர் அவர். கொல்லை என்னும் சொல்லை இரண்டு லகரம் இட்டே எழுதினேன்.